தெய்வத்துக்கு வயது வரவில்லை

தன்னைத் தெய்வம் என்று தீர்ப்பாயம் அறிவித்த நேரத்தில் எமரென்சியா பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தாள். ஊசி போட்டதில் பாதி முகம் மரத்திருந்தது. மருத்துவரின் உதவியாளர் பெண் கையில் செல்போனோடு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், பிறகு ஓசைப்படாமல் செருப்பைக் கழற்றி அறைக்கு வெளியே விட்டாள்.

"என்னம்மா?" என்றார் மருத்துவர்.

"எமி மேடத்த சாமின்னு சொல்லிட்டாங்க சார். தீர்ப்பு வந்துடுச்சு."

மருத்துவர் கருவியை நிறுத்திவிட்டு, தொடரலாமா என்று எமரென்சியாவையே கண்ணால் கேட்டார். அவள் கையை ஆட்டித் தொடரச் சொன்னாள். சாமியே ஆனாலும் கடைவாய்ப்பல் சொத்தை சொத்தைதான்.

அவள் தூத்துக்குடிக்காரி. மாதா கோயில் பாடகர் குழுவில் பாடி வளர்ந்து, சென்னைக்கு வந்து, தானே எழுதித் தானே மெட்டுப் போட்டுப் பாடி, எமி என்று பெயர் வாங்கியவள். 'உப்புக் காத்தே உள்ள வா, கதவு தொறந்தே கெடக்கு வா' என்று அவள் தொடங்கினால் மைதானம் மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கும். ஆண்கள் வாய்விட்டு அழுவார்கள். யாராவது மயங்கி விழுவார்கள், எழுந்து மறுபடி பாடுவார்கள். நன்றாகப் பாடினால் அப்படித்தான் நடக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அதற்கு மேல் யோசித்ததில்லை.

திரும்பும்போது காரை ஓட்டியது அவளுடைய வக்கீல் மெஹ்ராஜ் பேகம். இருவரும் கல்லூரித் தோழிகள்.

"முதல்லேர்ந்து சொல்லு," என்றாள் எமரென்சியா.

"போலி ஆசிரமங்கள ஒழிக்கணும்னு ஒரு சட்டம் வந்துச்சில்ல? நெத்தியில ஒரு பட்டை கட்டுவாங்க. கும்பிடுற ஆளோட மூளை நெஜமாவே கும்பிடுதா, இல்ல கை மட்டும்தான் கூப்புதான்னு அது காட்டிடும். கோயில், பள்ளிவாசல், சர்ச்சு, எங்க கட்டிப் பார்த்தாலும் ஒரே மாதிரி அளவுதான் வந்துச்சு. அந்த அளவு வந்தா வழிபாட்டுத் தலம். வரலைன்னா மூட்டை கட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

"அதுல நான் எங்க வந்தேன்?"

"பட்டையைச் சோதிக்கிற ஆள் ஒருத்தர் அதைக் கழட்ட மறந்துட்டு உன் திருச்சி கச்சேரிக்குப் போயிட்டார். கோயில்ல வந்ததைவிட அதிகமா வந்துடுச்சு. உன் ரசிகர் மன்றம் விடுமா? மைதானத்துல பாதிப் பேருக்குப் பட்டை கட்டி அளந்து வழக்குப் போட்டாங்க. 'வழிபாட்டின் மையப் பொருள்'னுதான் சட்டத்துல எழுதியிருக்கு. அது கல்லா, மரமா, ஆளான்னு எழுதல. எழுதினவங்களுக்குத் தோணல."

எமரென்சியா சிரித்தாள். மரத்த வாயில் பாதிச் சிரிப்புதான் வந்தது. "நல்லதுதானே? தேங்கா உடைக்கட்டும்."

மெஹ்ராஜ் சிரிக்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "நம்ம சட்டப்படி தெய்வம் சொத்து வச்சுக்கலாம், வழக்குப் போடலாம். ஆனா தெய்வம் எப்பவும் மைனர். வயசே வராது. அதுக்கு எது நல்லதுன்னு அறங்காவலருங்கதான் முடிவெடுப்பாங்க. இந்த நிமிஷத்துலேர்ந்து உனக்கு வயசு வரல, எமி."

வீட்டுக்குள் நுழைவதற்குள் அம்மா பிலோமினாளின் அழைப்பு வந்துவிட்டது.

"ஏட்டி, டிவியில என்னவெல்லாமோ சொல்லுதானுவ. நீ சாமியாமே? பங்குச் சாமியார் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நாளைக்கு நீ பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா யாருகிட்டப் போய் மன்னிப்புக் கேப்ப?"

"நான் ஒண்ணும் கேட்டு வாங்கலம்மா."

"கேக்காம வந்தத வேண்டாம்னு சொல்லத் தெரியாதா? வாயி இருக்குல்லா?"

வாய் இருந்தது. ஆனால் அந்த வாய் சொல்வது இனிமேல் சட்டத்தில் செல்லாது என்பதை எமரென்சியா அடுத்த வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டாள். வங்கியில் அவள் கையெழுத்தை மேலாளர் எழுந்து நின்று வணங்கித் திருப்பிக் கொடுத்தார். துபாய் கச்சேரிக்கு விமானச் சீட்டு எடுக்கப் போனால், காப்பாளர் சம்மதம் எங்கே என்று கேட்டது இணையதளம். வீட்டு வாசலில் இரும்புத் தடுப்பு வந்தது. தடுப்புக்கு அப்பால் வரிசை வந்தது. அவள் பால்கனியில் துணி காயப் போட வந்தால், வரிசை முழுவதும் கையெடுத்துக் கும்பிட்டது.

தலைமை அறங்காவலராகத் தீர்ப்பாயம் நியமித்தது ரசிகர் மன்றத் தலைவர் தணிகைவேலை. விழுப்புரத்தில் டயர் கடை வைத்திருப்பவர். முதல் முறை வீட்டுக்கு வந்தபோது மாடிப்படிக்குக் கீழேயே செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறி வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. சமையலறையில் வஞ்சிர மீன் பொரிகிற வாசனை அடித்தது. மெஹ்ராஜ் வேண்டுமென்றே கேட்டாள்.

"சாமி மீன் சாப்பிடலாமா சார்?"

"அவங்க என்ன சாப்பிட்டாலும் அது பிரசாதம்மா," என்றார் அவர், கொஞ்சமும் தயங்காமல். "நாங்க அவங்கள எதுக்கும் கட்டுப்படுத்த வரல. காப்பாத்தத்தான் வந்திருக்கோம்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது எமரென்சியாவுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கெட்டவன் என்றால் திட்டிவிடலாம்.

மழைக்காலம் தொடங்கியபோது அவள் குரல் கம்மியது. மேல் ஸ்தாயியில் ஒரு இடத்தில் நூல் அறுந்ததுபோல் காற்று மட்டும் வந்தது. டாக்டர் இளம்பரிதி தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, திரையில் குரல்நாணின் ஓரத்தைக் காட்டினார். சின்னதாக ஒரு தடிப்பு.

"இப்போ எடுத்துட்டா தொந்தரவு இல்ல. விட்டா புற்றா மாறலாம். மாறும்னே வச்சுக்கோங்க."

"எடுத்தா பாட முடியுமா?"

"பேசலாம். பாடுறது..." டாக்டர் கையை விரித்தார். "இப்ப இருக்கிற குரல் இருக்காது."

எமரென்சியா வெகுநேரம் யோசிக்கவில்லை. "எடுத்துடுங்க."

டாக்டர் சங்கடத்தோடு மேசையைப் பார்த்தார். "உங்க சம்மதம் போதாதும்மா. நீங்க மைனர். அறங்காவலர் குழு சம்மதிக்கணும்."

குழு கூடியது. ஆகமம் தெரிந்த ஒருவரையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். மூலவர் மேனியில் உளி படக்கூடாது, பின்னமான திருமேனிக்குப் பூசை கிடையாது என்று அவர் சொன்னார். வேறு ஊர்களில் வேறு டாக்டர்களைக் கேட்கலாம், மருந்தில் கரைக்கலாம், பொறுத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. மெஹ்ராஜ் கடைசி முயற்சியாக எமரென்சியாவின் அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்தாள். மைனர் என்றால் பெற்ற தாய்தானே காப்பாளர் என்று தீர்ப்பாயத்தில் வாதாடினாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து பணிவாகச் சொன்னார்: "தெய்வத்துக்குத் தாய் கிடையாது, கனம் நீதிபதி அவர்களே."

பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த பிலோமினாள் எழுந்துவிட்டாள். "தெய்வத்துக்குத் தாய் கெடையாதா? அப்போ நாங்க வருசம் பூரா ஜெபமால உருட்டுதது யாருக்காம்?"

சபை சிரித்தது. நீதிபதி சாருமதியும் குனிந்து கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டார். ஆனால் மனு தள்ளுபடி ஆனது. சட்டம் ஒரு வழியை மட்டும் விட்டு வைத்திருந்தது. மறு அளவீட்டில் அவள் பாடியும் அளவு குறைந்தால் பதிவு ரத்தாகும்.

"அப்போ மோசமாப் பாடு," என்றாள் மெஹ்ராஜ். "சேலம் கச்சேரியில அவங்களே அளக்கப் போறாங்க. எவ்வளவு கேவலமாப் பாட முடியுமோ அவ்வளவு பாடு."

எமரென்சியா வாழ்க்கையில் முதல் முறையாக அதற்குப் பயிற்சி எடுத்தாள். சேலத்தில் சுருதியை விட்டாள், தாளத்தை விட்டாள், சரணத்தில் வரியையே மறந்ததுபோல் நின்றாள். கம்மிய தொண்டையும் கூடச் சேர்ந்துகொண்டது. அடுத்த நாள் அளவு வந்தது. அதுவரை எந்த ஊரிலும் வராத உயரம். 'அம்மா நமக்காகக் குரல் உடைஞ்சு பாடுறாங்க' என்று மைதானமே கதறியிருக்கிறது.

அதே கச்சேரியில் மெஹ்ராஜ் இன்னொரு காரியமும் செய்திருந்தாள். எமரென்சியாவின் தலைமுடிக்கு அடியில் ஒரு பட்டையைக் கட்டியிருந்தாள். அதன் அளவைக் காட்டும்போது அவள் முகம் சரியாக இல்லை.

"இதை யாருக்கும் காட்டாத. காட்டினா அவங்க கட்சிதான் ஜெயிக்கும்."

கோடு தரையோடு தரையாகப் போயிருந்தது. ஒரு மேடு இல்லை.

"காய்கறி வாங்கும்போது இவ்வளவுதான் வரும்," என்றாள் மெஹ்ராஜ். "சாமி யாரையும் கும்பிடாது, அதான் இப்படின்னு சொல்லிடுவாங்க."

எமரென்சியாவுக்கு இதுதான் வலித்தது, தொண்டையை விட. மேடையில் அவள் மனதில் என்ன ஓடும் என்று அவளுக்கே நன்றாகத் தெரியும். அடுத்த மூச்சை எங்கே எடுப்பது, டிரம்ஸ்காரர் ஏன் ஓடுகிறார், காதுக்குள் வைத்த ஸ்பீக்கர் ஏன் இரைகிறது. அத்தனை பேருக்கும் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் கையில் எதுவுமே இல்லை. அப்படியானால் அவர்கள் அதை எங்கிருந்து எடுத்தார்கள்?

மறுநாள் தணிகைவேலை வரச் சொன்னாள். இந்தத் தடவை அவர் உட்காரும்வரை தானும் நின்றுகொண்டே இருந்தாள். வேறு வழியில்லாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு அது எப்ப வந்துச்சு? முதல் தடவை?"

"எம் பொண்டாட்டி போன பிறகு நான் குடியில கெடந்தேன்மா. கடையைக்கூடத் தொறக்கல. போதும்னு ஒரு முடிவுக்கு வந்துட்டேன். கூட்டாளிங்கதான் இழுத்துக்கிட்டு உங்க கச்சேரிக்கு வந்தாங்க. எரிச்சலாத்தான் நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு இடத்துல ஒடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. நான் தனியா இல்லன்னு தோணுச்சு. அவ்ளோதான். மறுநாள் போய்க் கடையைத் தொறந்தேன்."

"எந்த இடத்துல? எந்த வரி?"

"நீங்க பாடாத வரிம்மா," என்றார் அவர். "மைக்க எங்க பக்கம் நீட்டிட்டுச் சும்மா நின்னீங்க. சனம் பூரா பாடுச்சு. எம் பக்கத்துல நின்னவன் யாருன்னே தெரியாது, என் தோள்ல கையப் போட்டுக்கிட்டுப் பாடுனான். அப்பத்தான்."

எமரென்சியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ என் குரல் போனா உங்களுக்கு என்ன போகும், தணிகைவேல் அண்ணே?"

அவள் அண்ணே என்றதும் அவர் கண் கலங்கிவிட்டது. "அப்படிக் கேக்காதீங்க. நீங்க இல்லாம போயிட்டா அது திரும்பி வராதோன்னு பயமா இருக்கு. நான் அந்தப் பழைய ஆளா மறுபடி ஆயிடுவேன்." எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். சம்மதம் என்று சொல்லவில்லை.

மெஹ்ராஜ் மறுபடியும் மனுப் போட்டாள். இம்முறை எமரென்சியா சொல்லிக் கொடுத்தபடி போட்டாள்: அளவு உண்மைதான், ஆனால் அதன் மையம் அவள் இல்லை என்று காட்டுவோம். அளவீடு சென்னையில் நடக்க வேண்டும், நீதிபதியே நேரில் வர வேண்டும், கச்சேரியை எப்படி நடத்துவது என்று பாடுகிறவள் முடிவு செய்வாள். தெய்வத்தின் திருவுளம் என்று அறங்காவலர்களே அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை தீவுத்திடல் நிரம்பி வழிந்தது. கூட்டத்தில் எத்தனையோ பேர் நெற்றியில் பட்டை. நீதிபதி சாருமதி முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அறங்காவலர்கள் நடுவில். எமரென்சியா மேடையேறியதும் எழுந்த சத்தத்தில் கூவம் பக்கத்துக் காக்கைகள் எல்லாம் கலைந்து பறந்தன. அவள் மைக்கை எடுத்தாள்.

"இன்னைக்கு நான் பாடல," என்றாள். கம்மிய குரல் ஸ்பீக்கரில் இன்னும் கம்மியதாகக் கேட்டது. "இசைக்குழுவும் இல்ல. பாட்டு உங்களுக்குத் தெரியும்."

மைக்கை அணைத்து மேடையில் வைத்தாள். படியிறங்கி, பாதுகாப்புக்காரர்களை விலகச் சொல்லிவிட்டு, கூட்டத்துக்குள் போய் மற்றவர்களோடு ஒருத்தியாக நின்றாள். அவள் நெற்றியிலும் ஒரு பட்டை இருந்தது, இந்த முறை எல்லோருக்கும் தெரியும்படி.

வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டு ஜனம் நின்றது. யாரும் பாடவில்லை. எங்கோ ஒருவர் இருமினார். எங்கோ ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நேரம் போகப் போக மெஹ்ராஜ் உதட்டைக் கடிக்க ஆரம்பித்தாள். இப்படியே மௌனமாகக் கலைந்து போனால் வழக்கு முடிந்தது. தெய்வம் பாடினால்தான் வழிபாடு, அவள்தான் மையம் என்று ஆகிவிடும்.

எமரென்சியா தணிகைவேலைப் பார்த்தாள். கையசைக்கவில்லை, தலையசைக்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், தெய்வம் அவரிடமே இருக்கும். பக்கத்திலிருந்த அறங்காவலர் அவர் முழங்கையைப் பிடித்து என்னவோ சொன்னார்.

தணிகைவேல் அந்தக் கையை விலக்கிவிட்டு எழுந்தார். கரகரத்த, சுருதி என்றால் என்னவென்றே அறியாத குரலில் பாட ஆரம்பித்தார்.

"உப்புக் காத்தே உள்ள வா..."

முதல் வரியை அவர் தனியாகத்தான் பாடினார். இரண்டாவது வரியில் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சேர்ந்தது. பிறகு ஒரு வரிசை. பிறகு தரையிலிருந்து வருவதுபோல் மைதானம் முழுவதும். டிரம்ஸ் இல்லாமல் கைத்தட்டலிலேயே தாளம் விழுந்தது. அவள் மெட்டு அது இல்லை. ஆளுக்கு ஒரு இடத்தில் இழுத்தார்கள், அவள் வைத்திருந்த நெளிவையெல்லாம் நிமிர்த்திவிட்டார்கள். தன் பாட்டை எமரென்சியா முதல் முறையாக, அடுத்த மூச்சைப் பற்றிய கவலை இல்லாமல் கேட்டாள். யாரோ ஒருவர் அவள் தோளில் இடித்துக்கொண்டு, அவள் யாரென்று கவனிக்காமல் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். அவள் முதுகுத்தண்டில் ஏதோ ஏறியது. சின்ன வயதில் ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கு இரவில், விளக்கெல்லாம் அணைந்த கோயிலில் ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக ஏற்றிக்கொண்டு வரும்போது வந்தது இது. இடையில் எத்தனை வருஷம் இதைத் தொலைத்துவிட்டு இருந்திருக்கிறாள். அழுகிறோம் என்பது கன்னம் நனைந்த பிறகுதான் தெரிந்தது.

நீதிபதி அசையாமல்தான் உட்கார்ந்திருந்தார். அவர் செருப்பு நுனி மட்டும் தாளம் போட்டதைப் பிலோமினாள் பார்த்திருக்கிறாள். பிற்பாடு ஊரெல்லாம் சொன்னாள்.

தீர்ப்பு இரண்டு பத்திதான். பாடகி மேடையில் இல்லாதபோதும் அளவு குறையவில்லை. பாடகியின் நெற்றியிலும் மற்றவர்களுக்கு வந்த அளவே வந்தது. ஆகவே எமரென்சியா தெய்வம் அல்ல, பக்தர்களில் ஒருவர். அவருக்கு வயது வந்துவிட்டது. மெஹ்ராஜ் கையை உயர்த்திக் குதிக்கப் போனபோது நீதிபதி இரண்டாவது பத்தியைப் படித்தார். வழிபாடு நடந்திருப்பது உண்மை என்பதால் அதற்கு ஒரு மையம் இருந்தே தீர வேண்டும். அந்த மையம் பாடல்களே. பாடல்கள் இனி தெய்வத் திருமேனிகள். அவை எந்தத் தனி நபருக்கும் உடைமை ஆகா, அவற்றை ஆக்கியவர் உட்பட.

"மேல்முறையீடு போடுவோம்," என்றாள் மெஹ்ராஜ், வெளியே வராந்தாவில். "உன் வாழ்நாள் உழைப்பு எமி! நீ எழுதினது, நீ மெட்டுப் போட்டது. ஒண்ணுகூட உன்னுது இல்லைன்னுட்டாங்க அந்தம்மா."

"என் தொண்டை என்னுதுன்னு சொல்லியிருக்காங்கல்ல? அது போதும்," என்றாள் எமரென்சியா. "வண்டிய எடு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

சம்மதப் பத்திரத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். நன்றாக அழுத்திப் போட்டாள்.

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது தணிகைவேல் கதவருகே நின்றிருந்தார். இப்போது அவர் பாடல்களின் அறங்காவலர். காலில் செருப்பு இருந்தது. அதை அவளும் கவனித்தாள், அவள் கவனித்ததை அவரும் கவனித்தார். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"வலிக்குதா தங்கச்சி?" என்றார்.

பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த பிலோமினாள், "இரிங்க, காப்பி வாங்கியாறேன்," என்று அவருக்காக எழுந்தாள்.

மாதங்கள் போயின. தாம்பரத்துக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு சினிமா தியேட்டரை எடுத்து, வாராவாரம் ஞாயிறு மாலை அங்கே கூடிப் பாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். பேச்சு வந்திருந்தது, சல்லடையில் சலித்ததுபோல் ஒரு புதுக் குரலில். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அடையாளம் தெரியாமலிருக்கத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், டவுன் பஸ் பிடித்துப் போனாள். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் இடம் இருந்தது. பக்கத்தில் பஸ் கண்டக்டர் சீருடையில் ஒரு பெண், வேலை முடிந்து நேராக வந்திருப்பாள் போல. தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள்.

"புதுசா வர்றீங்களா?"

"ஆமாங்க."

"பயப்படாதீங்க. வார்த்தை தெரியலைன்னா வாயை மட்டும் அசைங்க. ரெண்டு மூணு வாரத்துல தானா வந்துடும்."

பாட்டு தொடங்கியது. எமரென்சியா வாயைத் திறந்தாள். அவளே எதிர்பாராத எங்கோ ஒரு இடத்தில் போய்க் குரல் விழுந்தது. கண்டக்டர் பெண் பாடிக்கொண்டே அவள் பக்கம் சாய்ந்தாள்.

"கொஞ்சம் மெதுவாக்கா. சுதி எங்கயோ போவுது. என்னைப் பிடிச்சுக்குங்க."

எமரென்சியா குரலைத் தணித்தாள். அந்தப் பெண்ணின் குரலைக் காது கொடுத்துக் கேட்டு, அதன் பின்னாலேயே அடுத்த வரிக்குள் போனாள்.